இல்லாத டைம் அவுட்

ஜூன் 11

குள்ளனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

இன்று காலை பயிற்சி முடிந்து ஷூவைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், ஒரு கல்லூரி முதல்வர் போன் செய்தார். அவருடைய கூடைப்பந்து அணிக்குக் கோச் வேலை கேட்டு நீ மனுப் போட்டிருக்கிறாயாம். "உங்ககிட்ட ரொம்ப வருஷம் அசிஸ்டென்டா இருந்தவராச்சே, ஆள் எப்படி சார்?" என்று கேட்டார். பூசி மெழுகிப் பேச எனக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னேன். "நாணயமானவன். மாடு மாதிரி உழைப்பான். பசங்க அவன்கிட்ட உசுரையே வச்சிருப்பாங்க. டைம் அவுட் எத்தனை மிச்சம் இருக்குன்னு மட்டும் அவனை நம்பி உட்காராதீங்க." அந்த மனுஷர் முதலில் சிரித்தார். அப்புறம் சட்டென்று நிறுத்தி, "ஓ, ஃபைனல்ல சொதப்பினாரே, அவரா இவரு?" என்றார். ஆமாம் என்றேன்.

இதை இன்னொருவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எழுத உட்கார்ந்ததும் மறுபடி பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். பந்து நம் கையில். சில வினாடிகள்தான் பாக்கி. நம் பையன் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாலே கோப்பை நமக்கு. அந்த நேரம் பார்த்து ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் டைம் அவுட் கேட்கிறேன். நம்மிடம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. இல்லாததைக் கேட்டால் இந்தப் போட்டியில் என்ன அபராதம் என்று உனக்குத் தெரியாதா? எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, போதாததற்குப் பந்தும் அவர்களுக்கு. அவர்கள் பையன் இரண்டையும் கூடையில் போட்டான். மண்ணைக் கவ்வினோம்.

ஸ்கோர் போர்டை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். போர்டைப் பார்க்கிற கண் ஆட்டத்தைத் தவறவிடும் என்று பையன்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன் நான். போர்டைப் பார்க்கத்தான் நீ. ஒரே ஒரு வேலை, அதையும் கோட்டை விட்டாய். நிருபர்கள் கேட்டபோது, "நான்தான் சொல்லலை, என் தப்பு" என்று நீயே உன் வாயால் சொன்னாய். அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் உன்னை மெச்சுகிறேன். கல்லூரி உன்னை வேலையை விட்டு அனுப்பியபோது நான் தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை.

நீ போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. எடுத்தால் கத்துவேன். உன் அக்கா மூக்கைச் சிந்துவாள். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் எழுது.

உன் அக்காள் புருஷன்


ஜூன் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்குக் கை வராத வார்த்தையை நான் போட்டுவிட்டேன். கணக்கு சரி.

அந்தக் கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வேறு ஆளைப் பார்க்கிறார்களாம். உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது, அதனால் எழுதவில்லை.

நான் இப்போது ஒரு ஷூக் கடையில் வேலை பார்க்கிறேன். அக்கா சொல்லியிருக்க மாட்டாள். முட்டி போட்டு உட்கார்ந்து வருகிறவர்கள் காலில் மாட்டிவிட வேண்டும். என் உயரத்துக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, பாதி தூரம் ஏற்கெனவே கீழேதான் இருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். எங்கோ பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது, "சார், டைம் அவுட் இருக்கா?" என்றான். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் விற்பனை போய்விடும்.

என் வீட்டுக்காரி எதுவுமே சொல்வதில்லை. வாய் ஓயாத அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதை விடுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா? வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறீர்களா? கேட்கக் காரணம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் நம் பெஞ்சுக்கு எதிரில் நீங்கள் ஒரு சின்ன கேமரா வைப்பீர்களே, வெளியே உட்கார்ந்திருக்கும் பையன்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க. ஃபைனலிலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் பதிவானதை நீங்கள் பார்த்தீர்களா?

வேண்டாம், பார்க்காதீர்கள். ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டு மறுபடி எழுத நேரமில்லை, கடை திறக்க வேண்டும்.

குள்ளன்


ஜூலை 2

குள்ளா,

ஷூக் கடையா? பந்தைப் பிடித்த கை பாதத்தைப் பிடிக்கிறது. உன் அக்காவிடம் கேட்டேன், "தெரியும்"னு சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது போலிருக்கிறது.

என் உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கிறேன். சாவியைத் தேடாதவன் எவன்? அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைக் கிழவனாக்கப் பார்க்கிறீர்கள்.

புது சீசன் தொடங்கிவிட்டது. உன் இடத்துக்கு ஒரு டேப்லெட் தம்பி வந்திருக்கிறான். எதைக் கேட்டாலும் விரலால் தேய்த்துத் தேய்த்துத்தான் பதில் சொல்வான். "நேத்து ராத்திரி தூங்கினியாடா?" என்று கேட்டால் அதற்கும் தேய்த்துப் பார்ப்பான் போல. நேற்று ஓடிவந்து பந்தை மேலே போடும் பயிற்சியை ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, பையன்களைத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வந்ததும் அதையே மறுபடி கொடுத்தேன். தண்டனை என்று நினைத்து ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. டேப்லெட் தம்பிதான் காதருகே வந்து, "கோச், இது முடிஞ்சிருச்சே" என்றான். "தெரியும், இன்னொரு தடவை செஞ்சா கை தேஞ்சா போகும்?" என்று ஒரு போடு போட்டேன். இன்னொரு பையனை அவன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அண்ணனும் என்னிடம் ஆடியவன்தான். முகம் அச்சு அசல் அதே முகம். இதெல்லாம் ஒரு விஷயமா?

நான் இந்தக் கல்லூரிக்கு வந்தபோது கோர்ட் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், உன்னை என் முதல் அணியில் சேர்த்ததே அங்கேதான். மழை பெய்தால் நடுவில் குளம். ஒரு வளையத்துக்கு வலையே இல்லை. ஐந்து பேர் சேர மாட்டார்களா என்று ஹாஸ்டல் கதவைத் தட்டித் தட்டி ஆள் பிடித்தேன். அங்கேயிருந்து கோப்பை வைக்க அலமாரி போதாமல் முதல்வர் அறையில் ஒரு சுவரையே கேட்டு வாங்கினோம். என்னிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் இன்று கோச், எத்தனை பேர் நாட்டுக்காக ஆடினார்கள்! செப்டம்பரில் எனக்குப் பாராட்டு விழாவாம். பழைய பையன்கள் எல்லாரும் வருகிறார்கள். நீ வரவேண்டாம். வந்தால் எனக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம்.

கேமராவைப் பற்றிக் கேட்டாய். தோற்ற ஆட்டத்தைப் பத்து தடவை பார்க்கிறவன் நான். இதை மட்டும் பார்க்கவில்லை. அதில் உன் மூஞ்சி இருக்கும்.

உன் அக்காள் புருஷன்


ஜூலை 15

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா போன் செய்தாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசினாள். சத்தியத்தை மீறுகிறேன், திட்டு விழுந்தால் எனக்கே விழட்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லூரி வாசல் பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றிருக்கிறீர்கள். வருகிற பஸ்ஸையெல்லாம் பார்க்கிறீர்கள், எதிலும் ஏறவில்லை. ஒரு மாணவி, "சார், எங்கே போகணும்?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் சொன்ன தெரு நீங்களும் அக்காவும் கல்யாணமான புதிதில் குடியிருந்த தெரு. அந்தப் பெண்தான் யார் யாரையோ விசாரித்து வீடு வரை வந்து விட்டுப் போயிருக்கிறாள். அக்கா கதவைத் திறந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டே, "டிராஃபிக்" என்றீர்களாம்.

அத்தான், ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள். இது கோச்சிங் விஷயம் இல்லை. பையன்களிடம் நீங்களே சொல்வீர்களே, கணுக்காலில் வலி என்றால் மறைக்காதே, மறைத்தால் முழங்காலும் போய்விடும் என்று. உங்களுக்கு மட்டும் அது பொருந்தாதா? அக்கா பகலெல்லாம் உங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாளாம். எங்கே என்ன கேட்டால் கோபம் வரும் என்று தெரியவில்லையாம். அடுப்பை அணைத்தீர்களா என்று போய்ப் பார்க்கும்போது நீங்கள் பின்னாலேயே வந்து, "என்னை வேவு பார்க்கிறியா?" என்று கத்தினீர்களாம்.

கேமரா விஷயத்தை நான் எழுதியிருக்கவே கூடாது. அதை மறந்துவிடுங்கள் என்று எழுதிவிட்டு, என்ன வார்த்தை எழுதினேன் என்று பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்போதுதான் மறுபடி எடுத்தேன்.

எனக்கு வேலை வேண்டும்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் முதலில் டாக்டர்.

குள்ளன்


ஆகஸ்ட் 1

டேய்,

பார்த்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் அப்படியொரு ஆத்திரம். எனக்கா பைத்தியம், எனக்கா டாக்டர்? உன் தப்பு அதில் பளிச்சென்று இருக்கும், அதை உனக்கே அனுப்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போட்டேன். உன் அக்காவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சத்தம் எதுவும் தெளிவாக இல்லை, ஒரே கூச்சல். நீ எழுந்து வருகிறாய். என் தோளைப் பிடித்துத் திருப்புகிறாய். உன் கையை என் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறாய், விரலெல்லாம் மடக்கி. ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் உன் கையைப் பார்க்கிறேன். தட்டுகிறேன்.

தட்டினேன்டா. எதிரணிக்காரன் கண்டுபிடித்துவிடுவான் என்று பையன்களுக்குக்கூடச் சொல்லாமல் நாம் இரண்டு பேர் மட்டும் வைத்திருந்தோமே: எத்தனை விரலோ அத்தனை டைம் அவுட், மடக்கிய கை என்றால் காலி. கூச்சலில் காது கேட்காது, அதனால் கையில் தட்டினால்தான் கேட்டதாக அர்த்தம், தட்டாவிட்டால் நீ நகரக் கூடாது. சட்டம் போட்டதே நான். தட்டினேன். நீ நகர்ந்தாய். போய் உட்கார்ந்தாய். அப்புறம் நான் கோட்டுக்கு அருகில் போய் இரண்டு கையையும் 'T' மாதிரி வைத்து டைம் அவுட் கேட்கிறேன். நீ பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து ஓடி வருகிறாய். அதற்குள் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டான்.

எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா? ஒரு தடவையாவது ஞாபகம் வராதா என்றுதான். உன் கை என் கண்ணெதிரே வருகிறது, எனக்குள் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருத்தன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறான்.

பாவி, ஏன்டா அப்படிச் சொன்னாய்? நிருபர் கேட்டபோது "அவருகிட்ட சொன்னேன்"னு ஒரு வார்த்தை. என்ன கெட்டுப் போயிருக்கும்? நீ உன் தப்பு என்று சொன்னதும் நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை நாள் உன்னைக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். உன் சோற்றில் மண்ணைப் போட்டேன்.

நம் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போகிறேன். உன்னை வேண்டாம் என்ற அந்தக் கல்லூரிக்கும் நானே பேசுகிறேன். டாக்டரையும் பார்க்கிறேன். உன் அக்கா நாள் குறித்துவிட்டாள்.

அத்தான்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்ல வேண்டாம், நடந்தது நடந்துவிட்டது, பேசாமல் விடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். முடியவில்லை. சொல்லுங்கள் அத்தான். எல்லாரிடமும் சொல்லுங்கள். என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு அது வேண்டும். இவ்வளவு வேண்டியிருக்கும் என்று உங்கள் கடிதம் வரும்வரை எனக்கே தெரியாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டீர்கள். ஃபைனலுக்கு முன்னாலேயே அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள், "அவர் முன்ன மாதிரி இல்லைடா, பக்கத்துலயே இரு, பாத்துக்கோ"ன்னு. வயசானால் வருகிற மறதி என்றுதான் நினைத்தேன். அன்று நிருபர் மைக்கை நீட்டியதும் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஊரையே அதட்டுகிற மனுஷர், கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி திருதிருவென்று விழித்தீர்கள். "நீ சொன்னியா?" என்று வாய்க்குள் கேட்டீர்கள். என்னால் முடியவில்லை. சட்டென்று வாயில் வந்துவிட்டது. ஒரு வாரம் திட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள், அத்தான் பெயராவது நிற்கட்டும் என்று நினைத்தேன். வேலையே போகும் என்று நினைக்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துவீர்கள் என்று கடைசி நாள் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். யோசிக்க நேரம் இல்லாததால் நல்லவனாகிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குக்கூட இதுவரை நான் சொல்லவில்லை. படித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள், ஒரு பாட்டம் என்னைத் திட்டினாள். "மனசுல என்ன பெரிய மகான்னு நெனப்பா?" என்றாள். ரொம்ப நாள் கழித்து வாய் திறந்திருக்கிறாள். எனக்கு அதுவே போதும் போலிருந்தது.

டாக்டர் என்ன சொன்னார்?

குள்ளன்


ஆகஸ்ட் 23

குள்ளா,

டாக்டர் சின்னப் பெண். என்னை ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன். உன் அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறதாம். மாத்திரை கொஞ்சம் மெதுவாக்குமாம், நிறுத்தாதாம். "கோச்சிங் போகலாமா?" என்று கேட்டேன். "வீட்டுல உங்களைப் பாத்துக்க யார் யார் இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அதுதான் பதில்.

முதல்வரிடம் போனேன். ராஜினாமாவைக் கொடுத்தேன். அப்புறம் உன் விஷயம். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் என்னிடம் சொன்னான், நான்தான் மறந்தேன், எனக்கு இந்த வியாதி என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க மச்சான் மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுது. அதுக்காக இப்படியெல்லாம் உங்க மேல பழியைப் போட்டுக்காதீங்க. உங்களுக்கே இப்ப சரியா ஞாபகம் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க" என்றார். மறந்தவன் சாட்சி சொன்னால் எவன் கேட்பான்?

விடுவேனா? கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினேன். உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். "பாருங்க, தட்டுறேன் பாருங்க" என்றேன். "ஆமா, பாத்தேன். அவ்வளவு டென்ஷன்லயும் அவரைத் தட்டிக்கொடுத்துத் தைரியம் சொல்றீங்க. இதுதான் சார் நீங்க" என்று கண் கலங்கினார். அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். சின்னப் பிள்ளை சொல்கிற கதைக்கு ஆட்டுகிற மாதிரி. எதிரணிக்காரன் கண்டுபிடிக்கக் கூடாது என்று நம் பையன்களுக்கே சொல்லாமல் வைத்தோமே, அந்தக் கெட்டிக்காரத்தனம் இப்போது உன் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது.

உன்னை வேண்டாம் என்ற கல்லூரியின் முதல்வரிடமும் பேசினேன். "பரிசீலிக்கிறோம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

விழாவில் சொல்கிறேன். மைக் என் கையில், சபை எதிரில், எவன் என் வாயை மூடுவான்? எழுதி வைத்துத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்குத் தெளிவாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

அத்தான்


செப்டம்பர் 15

குள்ளா,

சொல்லிவிட்டேன். தெளிவாகத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. உன் அக்கா சாட்சி.

அரங்கம் நிரம்பியிருந்தது. பழைய பையன்கள், எல்லாருக்கும் தொப்பை வந்துவிட்டது. ஆளாளுக்கு மேடையேறி என்னைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தன், நான் அடித்த பிரம்பை வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னான். நான் யாரையும் பிரம்பால் அடித்ததே இல்லை. அல்லது அடித்தேனோ என்னவோ.

என் முறை வந்தது. நான் சொன்னேன்: "ஃபைனல்ல தோத்ததுக்கு என் மச்சான் காரணம் இல்லை. அவன் எங்கிட்ட சொன்னான். நான் கேட்டேன். கேட்டுட்டு மறந்தேன். பழியை அவன் எனக்காக வாங்கிக்கிட்டான். அவன் வேலை போனது என்னால." சொல்லி முடித்ததும் சபை அப்படியே அமைதியாக இருந்தது. சரி, இறங்கிவிட்டது என்று நினைத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

அப்புறம் ஒருத்தன் எழுந்து கை தட்டினான். பின்னால் ஒருத்தன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டுகிறது. நான், "இல்லை, கை தட்டாதீங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். முதல்வர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, மைக்கை வாங்கி, "தன்னோட ஆளு செஞ்ச தப்பைக்கூடத் தன் தலையில சுமக்கிறாரே, இவர்தான் கோச்!" என்றார். எனக்கு முன்னால் இருந்த வரிசையில் பையன்கள் அழுகிறார்கள்டா. நான் வளர்த்த பையன்கள். ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கீழே இறங்கி ஒவ்வொருத்தனிடமும் போய்ச் சொன்னேன். "தெரியும் கோச், நீங்க இப்படித்தான்" என்கிறான் ஒவ்வொருத்தனும்.

இவ்வளவு காலமும் நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். எதைச் சொன்னாலும் நம்பினார்கள். வாழ்க்கையில் முதல் தடவை எனக்கு எதிராக நானே பேசினேன், ஒருத்தன் நம்பவில்லை. ஒரு பெரிய கேடயம் கொடுத்தார்கள். காரில் வரும்போது அதைத் தூக்கி எறியலாமா என்று கேட்டேன். உன் அக்கா, "பேசாம வாங்க" என்றாள்.

உனக்கு ஏதாவது நல்ல சேதி வந்ததா? அந்தக் கல்லூரி கூப்பிட்டதா?

அத்தான்


செப்டம்பர் 24

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே விழா என்னிடம் வந்துவிட்டது. யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கடை முதலாளி தன் போனில் காட்டினார். "என்ன மனுஷன்யா உங்க அத்தான்! நீ கொடுத்து வச்சவன்யா" என்றார். வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் போனைப் பார்த்தார்கள், அப்புறம் முட்டி போட்டிருந்த என்னைப் பார்த்தார்கள்.

வீட்டில் என் வீட்டுக்காரியும் பார்த்தாள். உண்மை முழுவதும் தெரிந்தவள் அவள். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவர் பேசுறதைக் கேட்டா, ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. உங்களைக் காப்பாத்தத்தான் சொல்றாரோன்னு" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கல்லூரி கூப்பிட்டது. முதல்வரே பேசினார். ஒரு கணம் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அவர் கூப்பிட்டது, நீங்கள் அவர்கள் கல்லூரிக்கு வந்து மாணவர்களிடம் பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்க. நீங்கள் போனை எடுக்கவில்லையாம், அக்கா நம்பர் கேட்டார். கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கோபம் வரவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். வந்தது. கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் போய் நின்று எட்டி எட்டி உதைத்தேன். யாரை உதைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களை இல்லை. நீங்கள் உங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டீர்கள்.

இனி யாரிடமும் சொல்லாதீர்கள் அத்தான். நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் பெயர் ஏறுகிறது, என் பெயர் இன்னும் கீழே போகிறது. போதும். கேடயத்தை எறிய வேண்டாம். அக்கா துடைத்து வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டாக்டரிடம் இனிமேல் நான் கூட்டிப்போகிறேன். அக்கா தனியாக அலைய வேண்டாம். நம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஷூக் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று அக்கா சொன்னாள், அதையும் பார்க்கிறேன். அங்கே குடிவர வீட்டுக்காரியும் சரி என்றுவிட்டாள்.

அன்று என்ன நடந்தது என்று இப்போதைக்கு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவுக்கும் என் வீட்டுக்காரிக்கும் நாம் சொல்லித்தான் தெரியும். டாக்டர் சொல்வதைப் பார்த்தால் அடுத்த வருஷம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அப்போது ஒரு நாள், நான் உங்களுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதோ சாப்பாடு எடுத்து வைக்கும்போதோ, உங்களுக்கு அந்த ஃபைனல் மட்டும் ஞாபகம் வரும். "ஏன்டா எங்கிட்ட சொல்லலை?" என்று கத்துவீர்கள். நான் அதற்கு என்ன சொல்வது என்று இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். "என் தப்புதான் அத்தான்" என்றுதான் சொல்வேன்.

குள்ளன்